பேரரசு படைக்கு ஆள் கேட்டபோது: 1918இல் விடுதலை இயக்கங்களின் முன் இருந்த வழிகள்

1918ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில், ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று காலனிகளின் தலைவர்கள் ஒரே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் ஆட்பற்றாக்குறையால் திணறிக்கொண்டிருந்த பிரிட்டனும் பிரான்சும் தம் ஆட்சிக்கு உட்பட்ட மக்களிடம் மேலும் படைவீரர்களைக் கேட்டன. ஏப்ரல் 16ஆம் நாள் பிரிட்டிஷ் பொதுச்சபை, அதுவரை விலக்குப் பெற்றிருந்த அயர்லாந்துக்கும் கட்டாய இராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதாவை 301க்கு 103 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதே மாதம் 27ஆம் நாள் டில்லியில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு கூட்டிய போர் மாநாட்டில், இந்தியா மேலும் ஆள் தர வேண்டும் என்ற தீர்மானம் முன்வைக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலோ, செனகலிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரான பிளேஸ் தியாஞ், அரசின் ஆணையராகவே ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைப் படைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

தன்னாட்சி கேட்கும் ஓர் இயக்கம் இத்தகைய நேரத்தில் எதைச் செய்யலாம் என்பதற்கு அக்காலத்து அனுபவம் ஐந்து விடைகளை வைத்திருக்கிறது: நம்பிக்கையின் பேரில் ஆளைத் தந்துவிட்டுப் பின்னர் பலனை எதிர்பார்ப்பது, பலனை முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஆளைத் தருவது, அரசின் பொறுப்பையே ஏற்று உள்ளிருந்து பேரம் பேசுவது, ஒட்டுமொத்தமாக மறுப்பது, ஆயுதம் ஏந்துவது. இவற்றை வீரத்தின் அளவுகோலால் வரிசைப்படுத்துவது எளிது. ஆனால் அது பயனற்றது. எந்த வழியில் மக்கள் உண்மையில் படைக்கு இழுக்கப்படாமல் தப்பினார்கள், எந்த வழியில் இயக்கம் வலுவோடு வெளிவந்தது, அதற்கு எத்தனை உயிர் விலையானது என்று கேட்டால்தான் ஒப்பீடு பொருள்படும்.

முதல் வழியை மிகத் தெளிவாகச் சோதித்துப் பார்த்தவர் அயர்லாந்தில் தன்னாட்சி கேட்ட ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியின் தலைவர் ஜான் ரெட்மண்ட். 1914 செப்டம்பர் 18ஆம் நாள் அயர்லாந்துத் தன்னாட்சிச் சட்டம் அரசரின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் போர் முடியும்வரை நடைமுறைக்கு வராது என்று அன்றே நிறுத்தியும் வைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து உடன்பிரிட்ஜ் என்னும் இடத்தில் பேசிய ரெட்மண்ட், ஐரிஷ் தன்னார்வப் படையினர் தம் நாட்டெல்லைக்குள் நின்றுவிடாமல் போர் நடக்கும் இடமெல்லாம் செல்ல வேண்டும் என்று அழைத்தார். படையினருள் பெரும்பான்மையோர் அவரைப் பின்பற்றினர், சிறுபான்மையோர் பிரிந்தனர். பிரிந்தவர்களிலிருந்துதான் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916ஆம் ஆண்டின் ஈஸ்டர் ஆயுத எழுச்சி பிறந்தது. ரெட்மண்ட் தந்ததற்குக் கைம்மாறாக அவருக்குக் கிடைத்தவை சிறு அவமதிப்புகள்தாம். தன்னாட்சியை எதிர்த்த, அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் தன்னார்வலர்களுக்குத் தனி அடையாளத்தோடு ஒரு முழு டிவிஷனை அமைத்துக்கொள்ள அனுமதித்த போர் அமைச்சகம், தேசியவாதிகளுக்கு அதே மதிப்பைத் தர மறுத்தது. 1918 மார்ச் 6ஆம் நாள் அவர் இறந்தபோது, அவர் நம்பிய சட்டம் இன்னும் தாளிலேயே கிடந்தது.

அதே வழியை இந்தியாவில் தேர்ந்தவர் காந்தி என்பது பலருக்கு இன்றும் சங்கடமான செய்தி. டில்லி மாநாட்டில் ஆள்சேர்ப்புத் தீர்மானத்தை இந்தியில் ஒற்றை வாக்கியத்தில் ஆதரித்தவர், அதன்பின் வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தில், தம் கையில் இருந்தால் போர்க்காலத்தில் தன்னாட்சி என்ற பேச்சையே எடுக்காதபடி நாட்டு மக்களை இணங்கவைத்திருப்பேன் என்ற பொருள்படக் கூறினார். நிபந்தனையில்லாத உதவியே நிபந்தனையைவிட வலுவான கோரிக்கை என்பது அவருடைய கணக்கு. ஜூன் மாதம் கேடா மாவட்டத்தில் வெளியிட்ட துண்டறிக்கையில் அந்தக் கணக்கை எண்களிலேயே போட்டார்: மாவட்டத்தில் 600 கிராமங்கள், கிராமத்துக்கு 20 பேர் என்றால் 12,000 பேர் கொண்ட படை. இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்திய ஆயுதச் சட்டத்தை நீக்கச் சொல்லும் தகுதியும், பேரரசில் சமபங்கு கேட்கும் தகுதியும் ஆயுதம் பிடிக்கக் கற்றவர்களுக்கே உண்டு என்று அவர் வாதிட்டார். அகிம்சையைப் போதிப்பவர் படைக்கு ஆள் திரட்டுவது எப்படிப் பொருந்தும் என்று அவருடைய நெருங்கிய நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் வருந்திக் கேட்டார். காந்தி நீண்ட விளக்கம் எழுதினார். அந்த விளக்கம் இன்றைக்கும் முழுமையாக நம்மை இணங்கவைப்பதில்லை.

ஆனால் அகிம்சை முரண்பாட்டைவிட இங்கே முக்கியமானது கேடாவின் விவசாயிகள் அளித்த விடை. சில வாரங்களுக்கு முன்பு நிலவரி மறுப்புச் சத்தியாகிரகத்தின்போது கேட்காமலே வண்டியும் உணவும் தந்த அதே கிராமங்கள், படைக்கு ஆள் கேட்டு வந்த காந்திக்கும் வல்லபாய் படேலுக்கும் வாடகைக்குக்கூட வண்டி தரவில்லை. இருவரும் நாள்தோறும் பல மைல் நடந்தே சென்றார்கள். கூட்டங்களுக்கு வந்தவர்களில் பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ஆகஸ்டில் காந்தி கடும் வயிற்றுக்கடுப்பால் படுத்த படுக்கையானார், இயக்கமும் அதோடு ஓய்ந்தது. பதிலுக்குப் பேரரசு தந்தது என்ன? 1918 ஜூலையில் அரசியல் சீர்திருத்த அறிக்கையும் ரௌலட் குழுவின் அடக்குமுறைப் பரிந்துரைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியது, ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் நடந்தது. முன்கூட்டியே கொடுக்கப்பட்ட விசுவாசம் பிற்பாடு விலையாக மாறும் என்ற எதிர்பார்ப்புக்கு, அயர்லாந்திலும் இந்தியாவிலும் கிடைத்த விடையில் வேறுபாடில்லை.

டில்லி மாநாட்டுக்கு அழைக்கப்படாத திலகர், இரண்டாம் வழியைப் பிடித்து நின்றார். ஆள் தருவதை அவர் எதிர்க்கவில்லை. இந்தியருக்கு அதிகாரிப் பதவி உண்டா, தன்னாட்சிக்கு நாள் குறிப்பீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள் என்றார். ஜூன் 10ஆம் நாள் பம்பாயில் நடந்த மாகாணப் போர் மாநாட்டில் அவர் இதைத் தொடங்கியதுமே ஆளுநர் வில்லிங்டன் குறுக்கிட்டுத் தடுக்க, திலகர் வெளியேறினார். (இதே வில்லிங்டன்தான் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர்.) அந்த அவமதிப்பைக் கண்டித்து ஜூன் 16இல் நடந்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் காந்தி என்பதையும் சொல்ல வேண்டும், வழிகள் வேறுபட்டாலும் மனிதர்கள் அவ்வளவு தூரம் விலகிவிடவில்லை. இந்தியருக்கு அதிகாரிப் பதவி தரப்படும் என்ற உறுதியைக் காந்தி அரசிடமிருந்து பெற்றுத் தந்தால், மகாராஷ்டிரத்திலிருந்து 5,000 பேரைத் தாம் சேர்த்துத் தருவதாகக் கூறிய திலகர், தம் சொல்லுக்குப் பிணையாக 50,000 ரூபாய்க்குக் காசோலையும் அனுப்பினார். அது பந்தயம் போல் இருக்கிறது என்று காந்தி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் காசோலையைப் பந்தயம் என்று கருதியது சரியன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. பேரரசின் எண்ணம் என்ன என்பதை ஓர் ஆளைக்கூட இழக்காமல் வெளிக்கொணரும் சோதனை அது. அரசு உறுதி தந்திருந்தால் இந்தியருக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் கிடைத்திருப்பார்கள்; மறுத்திருந்தால், அந்த மறுப்பையே மக்கள் முன் வைத்திருக்கலாம். போரின் முடிவில் சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சிக் கல்லூரியில் ஆண்டுக்கு 10 இடங்கள் மட்டுமே இந்தியருக்கு ஒதுக்கப்பட்டன என்பதைப் பார்க்கும்போது, கேட்பவர் கேட்கும் நேரத்தில் கேட்காததன் விலை தெரிகிறது. இருப்பினும் இந்த வழிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆள்சேர்ப்பின் சாவி இயக்கத்தின் கையில் இருந்தால் மட்டுமே நிபந்தனை செல்லுபடியாகும். பஞ்சாபில் அந்தச் சாவி திலகர் கையிலும் இல்லை, காந்தி கையிலும் இல்லை.

மூன்றாம் வழியின் முழு உருவம் தியாஞ். இவரை அறிய, அதற்கு முன் ஐந்தாம் வழியில், அதாவது ஆயுதம் ஏந்தி, நடந்த கலகத்திலிருந்து தொடங்க வேண்டும். 1915 இறுதியில் பிரெஞ்சு நிர்வாகம் கட்டாய ஆள்சேர்ப்பைத் தொடங்கியபோது, இன்றைய புர்கினா ஃபாசோவின் மேற்குப் பகுதியிலும் மாலியின் அண்டைப் பகுதிகளிலும் நூற்றுக்கணக்கான கிராமங்கள் கூட்டணி அமைத்து எழுந்தன. பிள்ளைகளை அனுப்பி அவர்கள் திரும்பாமல் இருப்பதைவிடப் போரிட்டு இங்கேயே சாவது மேல் என்ற எண்ணம் அந்தக் கூட்டணியைப் பிணைத்தது. தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைப்பிரிவுகள் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் பீரங்கிகளோடும் இயந்திரத் துப்பாக்கிகளோடும் வந்த படைகள் கிராமங்களை ஒவ்வொன்றாக அழித்தன; பல்லாயிரம் பேர் மாண்டனர். வேறு பல பகுதிகளில் இளைஞர்கள் ஆயுதம் எடுக்காமல், எல்லை தாண்டிப் பிரிட்டிஷ் கோல்டு கோஸ்டுக்கும் காம்பியாவுக்கும் போர்த்துகீசியக் கினிக்கும் ஓடினர். ஆயுத எழுச்சி தோற்றது என்றுதான் வரலாற்று நூல்கள் முடிக்கின்றன, போர்க்களத்தில் அது உண்மையும்கூட. ஆனால் 1917இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைமை ஆளுநர் வான் வோலன்ஹோவன், மேலும் ஆள் எடுத்தால் நாடு மீண்டும் தீப்பற்றும் என்று எச்சரித்து ஆள்சேர்ப்பை நிறுத்தச் செய்ததும், 1918 ஜனவரியில் பிரெஞ்சுப் பிரதமர் கிளமான்சோ அதை மீறி ஆள் கேட்டபோது அவர் பதவி விலகியதும் அந்த எழுச்சியின் நினைவால்தான்.

கட்டளையிட்டு ஆள் எடுக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் கிளமான்சோவுக்குத் தியாஞ் தேவைப்பட்டார். தலைமை ஆளுநருக்கு நிகரான மரியாதையோடு ஒரு கறுப்பின ஆணையர் ஊருக்குள் வருவதே பலருக்குப் புதுமையாக இருந்தது. அவர் கொண்டுவந்த வாக்குறுதிகளும் வெறும் சொற்கள் அல்ல: வீரருக்கும் அவர் குடும்பத்துக்கும் விசாரணையின்றித் தண்டிக்கும் காலனிச் சட்டத்திலிருந்து விலக்கு, பதக்கம் பெற்றவருக்குக் குடியுரிமை பெறும் வாய்ப்பு, போர் முடிந்து திரும்புவோருக்கு அரசுப் பணிகளில் இடம், டாக்கரில் மருத்துவப் பள்ளி. பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் சுமார் 63,000 பேர் சேர்ந்தனர். மத்திய ஆப்பிரிக்கப் பகுதியையும் சேர்த்தால் 77,000. அரசு எதிர்பார்த்ததைவிட இது அதிகம். இதற்கு முன்பே, 1915, 1916ஆம் ஆண்டுச் சட்டங்களால், செயின்ட் லூயி, கோரே, டாக்கர், ரூஃபிஸ்க் ஆகிய நான்கு நகரங்களின் மக்கள் படைச்சேவைக்கு ஈடாகக் குடியுரிமையை உறுதிசெய்துகொண்டதும் தியாஞின் பேரத்தால்தான். ரெட்மண்டும் காந்தியும் எதிர்பார்த்து ஏமாந்ததை இவர் சட்டமாகவே வாங்கினார் என்பதை மறுக்க இயலாது.

அந்தப் பேரத்தில் யார் செலுத்தினார், யார் பெற்றார் என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. குடியுரிமை நான்கு நகரங்களுக்குக் கிடைத்தது. படைக்குச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டுக் கிராமத்தார். 1919 ஜூலையில் பிரான்ஸ் செய்தது அதைவிடக் கொடியது. போர் முடிந்துவிட்ட பிறகு, மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் அமைதிக் காலத்திலும் நீடிக்கும் கட்டாயப் படைச்சேவையை அது சட்டமாக்கியது. எளிதாக ஆள் கிடைக்கும் என்று தியாஞ் காட்டிய வெற்றியே அதற்குச் சான்றாகப் பயன்பட்டது. 1944 டிசம்பர் 1இல், டாக்கருக்கு அருகிலுள்ள தியாராயில், தமக்குச் சேர வேண்டிய ஊதியத்தைக் கேட்ட முன்னாள் போர்க்கைதிகளான ஆப்பிரிக்க வீரர்கள் மீது பிரெஞ்சுப் படையே சுட்டது. உள்ளிருந்து பேசுகிறவர் அரசின் நம்பிக்கையைப் பெறும் அதே வேகத்தில், மறுக்கும் வலிமையை மக்களிடமிருந்து எடுத்துவிடுகிறார் என்பதே இந்த வழியின் ஆபத்து. தியாஞ் பெற்ற விலையை ஏற்றிவைத்தவர்கள் 1916இல் மாண்ட கிராமத்தார்; பட்டியலில் அவர்கள் பெயர் எங்குமில்லை.

இனி நான்காம் வழியான மறுப்பு: அயர்லாந்தின் 1918. இந்த ஐந்தில், ஆளையும் தராமல், பெருமளவு இரத்தமும் சிந்தாமல், இயக்கம் வலுப்பெற்று வெளிவந்த ஒரே நிகழ்வு அதுதான். ஆகவே அது எப்படி நடந்தது என்பதில் சற்று நிற்க வேண்டும். மசோதா நிறைவேறியதும், ரெட்மண்டுக்குப் பின் ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியின் தலைவரான ஜான் டில்லன் தம் உறுப்பினர்களோடு வெஸ்ட்மின்ஸ்டரிலுள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறினார். இரண்டாம் நாள், ஏப்ரல் 18இல், டப்ளின் மேயர் மாளிகையில் அதுவரை ஒருவரை ஒருவர் கடுமையாகச் சாடிக்கொண்டிருந்த டில்லனும், முழு விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சியின் டி வலேராவும் ஆர்தர் கிரிஃபித்தும், தொழிற்சங்கத் தலைவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அன்றே அவர்களின் தூதுக்குழு மேனூத்தில் கூடியிருந்த கத்தோலிக்க ஆயர்களைச் சந்தித்தது. கடவுளின் சட்டத்துக்கு உட்பட்ட எல்லா வழிகளிலும் எதிர்க்க மக்களுக்கு உரிமை உண்டு என்று ஆயர்கள் அறிவித்தனர். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 21இல், பங்குக் கோவில்களின் வாசலில் லட்சக்கணக்கானோர் உறுதிமொழியில் கையெழுத்திட்டனர். ஏப்ரல் 23இல் பெல்ஃபாஸ்ட் வட்டாரம் நீங்கலாக நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடந்து, இரயில்கள் நின்றன. ஜூன் 9இல் பெண்கள் தனியாகக் கூடி, படைக்கு இழுக்கப்படும் ஆண்களின் வேலைகளை ஏற்கமாட்டோம் என்று கையெழுத்திட்டனர். இந்தக் கடைசிச் செயல் பலரால் ஓர் அடிக்குறிப்பாகவே சொல்லப்படுகிறது. ஆனால் கட்டாயச் சேவையின் பொருளாதாரமே, வெளியேறும் ஆணின் இடத்தைப் பெண் நிரப்புவாள் என்ற எண்ணத்தில்தான் நிற்கிறது.

அரசு தன் பங்குக்கு மே மாதத்தில் ஜெர்மனியோடு சதி என்ற குற்றச்சாட்டில் சின் ஃபெயின் தலைவர்களை ஒரே இரவில் கைது செய்தது. சிறையிலிருந்த கிரிஃபித் ஜூன் மாத இடைத்தேர்தலில் கிழக்குக் காவன் தொகுதியில் வென்றார். கட்டாயச் சேவை ஆணை ஒருநாளும் அமலாகவில்லை, தன்னார்வமாக 50,000 பேர் வரட்டும் என்று அரசு இறங்கிவந்தபோதும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. டிசம்பர் பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐச் சின் ஃபெயின் பெற்றது.

இதை மறுப்பின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட்டால் ஒப்பீடு குறைபட்டுப்போகும். கோடையில் அமெரிக்கப் படைகள் பெருமளவில் பிரான்சுக்கு வந்து சேர்ந்ததாலும் நவம்பரில் போரே முடிந்ததாலும் அயர்லாந்தின் தேவை குறைந்தது. போர் இன்னோர் ஆண்டு நீண்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பிய வடக்கின் யூனியனிஸ்டுகள் இந்த ஒற்றுமைக்கு வெளியே நின்றனர்; பின்னாளைய பிரிவினைக் கோடு அந்த வேலைநிறுத்த நாளிலேயே தெரிந்தது. மறுப்பில் முழுமனத்தோடு சேர்ந்த டில்லனின் கட்சி, அதே தேர்தலில் ஆறு இடங்களுக்குச் சுருங்கியது. 1914இல் ஆள் திரட்டித் தந்த கட்சி 1918இல் ஆள் தர மறுத்தபோது, அதே மறுப்பை முதலிலிருந்தே சொல்லிவந்தவர்களுக்குத்தான் மக்கள் வாக்களித்தனர். இயக்கத்தின் நலனும் கட்சியின் நலனும் ஒன்றல்ல என்பதை முடிவெடுப்பவர் இங்கே கவனிக்க வேண்டும்.

அயர்லாந்தின் வழியை அப்படியே இந்தியாவில் பின்பற்றியிருக்கலாமே என்ற கேள்விக்கு, பின்னர் நடந்ததே விடை தருகிறது. 1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர்களைக் கேளாமலே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் இறக்கினார். காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1940 ஜூலையில், ராஜாஜி முன்னின்று, தற்காலிகத் தேசிய அரசு அமைத்தால் போருக்கு உதவுவோம் என்று திலகரின் வழியில் நிபந்தனை வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பிரிட்டன் தந்த பதிலில் அதற்கு இடமில்லாமற்போக, அக்டோபர் 17இல் வினோபா பாவே தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். போருக்கு ஆளாலும் பொருளாலும் உதவுவது தவறு என்பது அதன் முழக்கம். இருந்தும் போர் முடிவதற்குள் இந்தியப் படை 25 லட்சத்தைக் கடந்தது. அதில் கட்டாயச் சேவைச் சட்டத்தால் வந்தவர் ஒருவரும் இல்லை. வீட்டு வாசலில் பெயரைக் கூப்பிடும் சட்டம் இருந்தால், மறுப்பதற்கு ஒரு நாளும் ஓர் இடமும் ஓர் எதிரியும் கிடைக்கின்றன. மாதச் சம்பளமாக வரும் அழைப்பை எதிர்த்துக் கோவில் வாசலில் கையெழுத்து வாங்க முடியாது. அங்கே மறுப்பு என்பது வறுமையோடு போராடுவதாகிவிடுகிறது.

எனவே 1918இல் இந்தியத் தலைவர்களின் முன்னிருந்த சிறந்த தேர்வு, திலகரின் நிபந்தனையும் அயர்லாந்தின் மறுப்பும் சேர்ந்த ஒன்று என்பது என் கருத்து. சட்டப்படி தன்னார்வம் என்று சொல்லப்பட்ட ஆள்சேர்ப்பு, பஞ்சாபில் நடைமுறையில் தன்னார்வமாக இல்லை. லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வயரின் ஆட்சியில் மாவட்டங்களுக்கு எண்ணிக்கை விதிக்கப்பட்டது. அதை நிறைவேற்றத் தாசில்தார்களும் லம்பர்தார்கள் எனப்பட்ட ஊர்த்தலைவர்களும் மிரட்டலையும் தண்டனையையும் கையாண்டனர். கட்டாயம் எங்கே உண்மையில் இருந்ததோ அங்கே மறுப்பை ஒழுங்குபடுத்தியிருக்கலாம். கட்டாயம் இல்லாத மாகாணங்களில் ஆள் தருவதற்கு விலை கேட்டிருக்கலாம். நடந்ததோ நேர்மாறு. கட்டாயம் இல்லாத கேடாவில் தலைவர்கள் ஆள் தேடி நடந்தார்கள். கட்டாயம் இருந்த பஞ்சாபின் கிராமங்கள் தனியே விடப்பட்டன. ஜாலியன்வாலா பாகுக்குப் பின் காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு ஊர் ஊராகச் சென்று சாட்சியம் திரட்டியபோது அந்த வற்புறுத்தல்கள் பதிவாயின. 1920இல் வெளியான அந்த அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிராமத்துக்கு 20 பேர் கேட்ட காந்தியேதான்.